நடுவில் பிடுங்கக் கூடாது

தமயந்தி பேரம் பேச ஆரம்பித்தால் கடைக்காரர்களுக்கு வியர்த்துவிடும். குடியாத்தத்தில் பிறந்து, கவினைக் கட்டிக்கொண்டு ஈஜிபுராவுக்கு வந்து ஆறு வருடமாகிறது. இந்த ஆறு வருடத்தில் சொன்ன விலைக்கு அவள் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கியதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. நாளெல்லாம் ஜனங்கள் போட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து அந்த எரிச்சல் வேறு. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை கவினை வீட்டில் விட்டுவிட்டு அவள் மட்டும் அடுகோடிக்குக் கிளம்பினாள். கவின் வந்தால் காரியம் கெட்டுவிடும். கடைக்காரர் முகம் கொஞ்சம் வாடினாலே அவன் பர்ஸைத் திறந்துவிடுவான்.

வாங்க வேண்டியது ஒரே ஒரு எஸ்.எஸ்.டி. கவினின் லேப்டாப்புக்கு ஒன்பது வயது. பட்டனை அழுத்திவிட்டுப் போய் அரிசி களைந்து உலையில் போட்டுத் திரும்பினால்தான் முதல் பக்கம் வரும். நாலு மாதமாக வேலை இல்லாமல் இருந்தவனுக்கு இப்போதுதான் ஒன்று கூடி வந்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைன் பரீட்சை. இந்த லேப்டாப்பை நம்பி உட்கார்ந்தால் முதல் கேள்வி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். புதுசு வாங்க வழியில்லை. உள்ளே இருக்கிற பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் இதே லேப்டாப் பறக்கும் என்று கவின் சொல்லியிருந்தான்.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற அந்தக் கடை, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில், வெல்டிங் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே கடைக்காரர் முனிராஜ் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

"பன்னி மேடம், உள்ள வாங்க. இன்னைக்கு நீங்கதான் போணி" என்று கன்னடமும் தமிழுமாகக் கூப்பிட்டார்.

தமயந்திக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்களுக்குப் பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் அவள் பாதி வீட்டுச் சாமானை வாங்கியிருக்கிறாள்.

புதுசு மூவாயிரத்து இருநூறு என்றார் முனிராஜ். அவள் ஆயிரம் என்றாள். யாரோ பயன்படுத்தியது ஒன்று ரெண்டாயிரத்துக்கு இருக்கிறது என்றார். அவள் மறுபடி ஆயிரம் என்றாள். சொல்ப, கொஞ்சமாவது ஏத்துங்க மேடம் என்று கெஞ்சினார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். மூன்றாவது அடி வைப்பதற்குள் கூப்பிடுவார் என்று தெரியும்.

இரண்டாவது அடியிலேயே கூப்பிட்டார்.

"வீட்ல யாரார் இருக்கீங்க மேடம்?"

"நானும் எங்க வீட்டுக்காரரும்தான். ஏன்?"

"கொழந்தைங்க?"

"இன்னும் இல்ல. எஸ்.எஸ்.டி. வாங்க ரேஷன் கார்டு எல்லாம் காட்டணுமா?"

முனிராஜ் சிரிக்கவில்லை. புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கல்லாவுக்குக் கீழே பூட்டியிருந்த டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே உள்ளங்கையளவு கறுப்புத் தகடு. மூலையில் காய்ந்துபோன குங்குமப் பொட்டு.

"ஆயுத பூஜைக்கு வச்சிருப்பாங்க. ஆயிரமே குடுங்க. அஷ்டே, அவ்ளோதான்."

அதை லேப்டாப்பில் செருகுவதற்கான கேபிளையும் கொடுத்து, திங்கட்கிழமை திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார். "பேக்கப் இருக்குதா மேடம்? இல்லன்னா பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு எட்நூறுக்குத் தர்றேன். மொதல்ல எல்லாத்தையும் அதுல ஒரு காப்பி எடுத்து வச்சுக்குங்க."

"அதெல்லாம் இருக்குது" என்றாள் தமயந்தி. பச்சைப் பொய். எண்ணூறு ரூபாய்க்கு இன்னொரு செலவா?

"சரி. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. காப்பி ஆரம்பிச்சாச்சுன்னா நடுவுல பிடுங்காதீங்க. பிடுங்கினா ரெண்டும் போயிடும். இதுவும் இருக்காது, அதுவும் இருக்காது."

இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆயிரத்துக்கு முடித்த சந்தோஷத்தில் அதை அவள் கவனிக்கவும் இல்லை.

*

வீடு இரண்டாம் மாடியில். ஒரு அறை, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அடுக்களை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். கீழே வீட்டுக்காரம்மா காந்தா. மோட்டார் போடுவதும் நிறுத்துவதும் அந்த அம்மாள் இஷ்டம்.

கவின் லுங்கியும் பனியனுமாகச் சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேபிளைச் செருகினான். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் இரண்டு பெட்டிகள் வந்தன.

"ஃபுல்லா இருக்குது தமா. ரெண்டு பாகமா பிரிச்சு வச்சிருக்காங்க. ஒண்ணுக்கு வெங்கின்னு பேரு, இன்னொண்ணுக்கு சுப்ரியா. புருஷன் பொண்டாட்டி போல. ஆளுக்குப் பாதி."

"அழிச்சிட்டுத் தரமாட்டானா அந்த ஆளு?"

"வுடு. நம்மளுத இதுல காப்பி பண்ணா இதெல்லாம் தானா அழிஞ்சிடப் போவுது."

காப்பி செய்கிற மென்பொருளை அவன் திறந்து வைத்த நேரத்தில் கீழேயிருந்து காந்தாவின் குரல் வந்தது. மோட்டாரை நிறுத்தப் போகிறாராம், குளிக்கிறவர்கள் குளித்துக்கொள்ளுங்கள் என்றார். கவின் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினான். ஓடும்போதே சொன்னான்.

"ரெண்டு டிஸ்க் காட்டும். நம்மளுது எதுவோ அத மேல போடு. வாங்கினு வந்தத கீழ போடு. ஸ்டார்ட் அமுக்கிடு."

திரையில் இரண்டு டிஸ்க் காட்டியது. இரண்டும் ஒரே அளவு. பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். தமயந்தி ஒரு நிமிடம் யோசித்தாள். பில்லில் முதலில் ஸ்கேன் செய்த சாமான்தானே முதல் வரியில் நிற்கும்? லேப்டாப்பில் முதலிலிருந்தே இருப்பது நம்முடையது. அப்படியானால் முதலில் இருப்பதுதான் நம்முடையது. அதை மேலே போட்டாள். மற்றதைக் கீழே போட்டாள். உறுதிதானா என்று கேட்டது. உறுதிதான் என்று அமுக்கினாள்.

அந்த மென்பொருள் கடைசியாக வந்ததை முதலில் காட்டுகிற ரகம். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

லேப்டாப் ஒருமுறை அணைந்து எழுந்தது. கறுப்புத் திரை. அதில் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டுக்குக் கீழே விழுக்காடு. ஒன்று என்று காட்டியது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகுகிற வாசனை. தமயந்தி பதறிப்போய்த் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. மேடை காய்ந்து கிடந்தது. வெறும் மேடையைப் பார்த்தபடி நின்றபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அவர்கள் பால் வாங்குவதை நிறுத்தி நாலு மாதமாகிறது. கவினுக்கு வேலை போனதிலிருந்து வீட்டில் கடுங்காப்பிதான்.

பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கவின் குளித்துவிட்டு வந்தான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். கல்யாண ஆல்பத்தில் தவிர அவனை அவள் முழுக்கைச் சட்டையில் பார்த்ததில்லை. சட்டைக் கையை ஒன்று, இரண்டு, மூன்று என்று அளவெடுத்த மாதிரி மடித்து முழங்கைக்குக் கீழே நிறுத்தினான்.

"எங்க கிளம்பினீங்க?"

"எங்கியும் இல்ல." அவனே தன் கையைக் குனிந்து பார்த்தான். "மீட்டிங் இருக்குதுன்னு நெனச்சேன்."

கோடு ஒன்பதில் இருந்தது.

*

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. அந்த வாசனைக்கு மூன்று தெரு தாண்டி ஓடி வருகிறவன் கவின். தட்டை வைத்ததும் மூக்கைச் சுளித்துத் தள்ளி வைத்தான். வெறும் சோற்றில் மோர் இருக்கிறதா என்று கேட்டான். உடம்பு சரியில்லையா என்று அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

கை கழுவிவிட்டு வந்தவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"தமா. மாத்திப் போட்டுட்டியே."

"இன்னாது?"

"பாரு, அம்புக்குறி எந்தப் பக்கம் போவுதுன்னு. அதுலேர்ந்து நம்மளுதுக்குப் போவுது. நம்மளுது மேல அது எழுதினு இருக்குது. நம்மளுது அழிஞ்சினு இருக்குது."

சர்டிபிகேட், கல்யாண போட்டோ, எல்லாம் அதில்தான். போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் அப்பா கடைசியாகப் பேசிய வீடியோவும் அதில்தான் இருந்தது. வேறெங்கும் காப்பி இல்லை. எண்ணூறு ரூபாய் அவள் நெஞ்சில் வந்து குத்தியது. நிறுத்துங்க, நிறுத்துங்க என்றாள். நிறுத்தினால் இரண்டும் போய்விடும் என்று அவனும் தலையில் கை வைத்துக்கொண்டான். தமயந்திக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு தெரியாமல் செய்துவிட்டேன் என்று அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கை அவள் தலையை மெல்லத் தடவியது.

"எதுக்கு அழுவுற?"

"அப்பா வீடியோ போச்சேங்க."

"யாரோட அப்பா?"

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டான்.

கோடு முப்பத்தொன்றில் இருந்தது.

*

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். உங்க ஊர் எது என்றாள். யோசித்து, திருப்பத்தூர் என்றான். வீட்டுக்காரம்மா பேர் என்ன என்றாள். தெரியவில்லை. நமக்கு எங்கே கல்யாணம் நடந்தது என்றாள்.

"இங்கேதான், பசவனகுடில. அந்த மண்டபத்துல" என்றான். "மழை கொட்டித்து. உங்க மாமா ஆட்டோ கிடைக்காம நனைஞ்சுண்டே வந்தாரே."

கல்யாணம் நடந்தது வள்ளிமலையில், உச்சி வெயிலில். தமயந்திக்கு மாமாவே கிடையாது. அதைவிட அவளை உலுக்கியது அந்தப் பேச்சு. திருப்பத்தூர்க்காரன் வாயில் அப்படிப் பேச்சு வராது. வேறு யாரோ, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த யாரோ, அவன் தொண்டையைக் கடன் வாங்கிப் பேசுகிறார்கள்.

அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். முனிராஜ் முதல் மணியிலேயே எடுத்தார். காத்துக்கொண்டிருந்திருப்பார் போல.

"மாத்திப் போட்டுட்டீங்களா மேடம்?" என்றார், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே. "எப்படியோ எல்லாரும் மாத்தித்தான் போடறாங்க."

"யாரு அந்த வெங்கி?"

அவர் தணிந்த குரலில் சொன்னார். வெங்கியும் சுப்ரியாவும் தொம்மலூரில் இருந்த பிள்ளைகள். இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஒரு மழை நாள் சாயங்காலம் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பால் பொங்கி நெருப்பை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மறுநாள்தான் கதவை உடைத்தார்கள்.

"அவங்க லேப்டாப்ப ஒடச்சு வித்தப்போ என்கிட்ட வந்தது மேடம். இதுக்கு முந்தி ரெண்டு பேருக்குக் குடுத்தேன். ரெண்டும் கல்யாணமாகாத பசங்க. முதல் பையன் முழுசா முடிச்சான். முடிச்சிட்டு டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டாந்து குடுத்தான். புருஷன் பொண்டாட்டி இருக்கற வீடாப் பார்த்துக் குடுங்கோன்னான். தினமும் வந்து கடை வாசல்ல நிக்கறான். குடுத்தாச்சா, குடுத்தாச்சான்னு மரியாதையாத்தான் கேக்கறான். என்னால முடியல மேடம். போணி வேற. மன்னிச்சுருங்க."

"ரெண்டாவது ஆளு?"

"மொத பையன் பேச்சக் கேக்காம குடுத்தேன். அவனோட ரூம்மேட் பயந்துபோய் நடுவுல பிடுங்கிட்டான். ஆஸ்பத்திரில இருக்கான். கண்ணு தொறந்திருக்கு. மூச்சு வருது. வாயில சோறு வச்சா மெல்லத் தெரியல. உள்ள யாரும் இல்ல மேடம்."

"இப்ப நான் இன்னா பண்றது? சொல்லுங்க! இன்னா பண்றது?"

அந்தப் பக்கம் மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

*

நாலு மணிக்கு மழை பிடித்தது. பிடித்த கையோடு கரண்ட் போனது.

தமயந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு லேப்டாப்பைப் பார்த்தாள். அதன் பேட்டரி செத்து இரண்டு வருடம். சார்ஜர் ஒயர் லேசாக ஆடினாலே அணைந்துவிடும். இப்போது அணைந்தால் கவின் அந்த ஆஸ்பத்திரிப் பையனைப் போல ஆகிவிடுவான். அணையாவிட்டால் கவினே இருக்க மாட்டான். எதற்காக வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அணையவில்லை.

இருண்ட அறையில் அந்த வெள்ளைக் கோடு மட்டும் நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று.

யாரையாவது கூப்பிடலாம் என்று ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. எதிர்ச் சாரியில் மூடிய தையல் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒருவன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். முழுக்கைச் சட்டை. கையை மூன்று மடிப்பு மடித்து முழங்கைக்குக் கீழே நிறுத்தியிருந்தான்.

அண்ணாந்து அவள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கையில் ஒரு பால் பாக்கெட் இருந்தது.

தமயந்தி ஜன்னலைவிட்டு விலகிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கவின் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பேச ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தால் ஏதாவது தங்கிவிடாதா என்று ஒரு ஆசை. முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜி நன்றாக இல்லை என்று அவன் உண்மையைச் சொன்னதை, சம்பளத்தில் முதல் தடவை அவளுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு இரண்டும் இடது காலாக இருந்ததை, கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக அவன் கூச்சப்பட்டதை, அவள் போய்ச் சண்டை போட்டு மாற்றி வந்ததை எல்லாம் சொன்னாள். அவன் தலையாட்டினான். சில இடத்தில் சிரித்தான். போகப் போக, பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்கிறவர்கள் சிரிப்பதைப் போலச் சிரித்தான்.

எழுபத்தைந்து.

எண்பது.

எண்பத்தெட்டில் அவன் திடீரென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடி வலித்தது. அது கவினின் பிடி.

"தமா."

"இருக்கேன். இங்கதான் இருக்கேங்க."

"புடுங்கிடு."

"வேணாங்க…"

"என் மூஞ்ச வச்சினு வேற ஒருத்தன் உன்கூட இருக்க வேணாம். புடுங்கிடு தமா. சீக்கிரம்."

அவள் தவழ்ந்து போய்க் கேபிளைப் பிடித்தாள். இழுத்தால் ஒரு நொடி. விரல்கள் இறுகின. கண் திறந்தபடி, வாயில் வைத்த சோற்றை மெல்லத் தெரியாமல் கட்டிலில் கிடக்கிற கவினை நினைத்துப் பார்த்தாள். இழுக்காவிட்டால் இந்தக் கையாவது இருக்கும். இந்த முகமாவது இருக்கும். பிறகு எங்காவது, யாரிடமாவது கேட்டு, எப்படியாவது திருப்பி எழுதலாம். ஓட்டைக் குடையையும் உடைந்த மிக்சியையும்கூடத் தூக்கிப் போட்டவள் இல்லை அவள். ஒன்றுமே இல்லாமல் போவதற்குப் பதில் ஏதோ ஒன்று மிஞ்சட்டும் என்றுதான் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டவள். அவளால் முடியவில்லை. விரல்கள் தளர்ந்துவிட்டன.

கவின் அந்த விரல்களைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்தது. அவள்மேல் கோபம்கூட இல்லை, ரொம்பப் பாவமாகப் பார்த்தான். அந்தப் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

*

நூறு.

மழை விடவில்லை. அவன் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டான். அறையைச் சுற்றிப் பார்த்தான். பார்வை அவள்மேல் வந்து நின்றது.

"சுப்ரியா, ஏன் இருட்டுல உக்காந்துண்டிருக்கே?"

"நான் சுப்ரியா இல்ல."

அவன் திரும்பி லேப்டாப்பைப் பார்த்தான். முடிந்த கோட்டுக்குக் கீழே இன்னும் ஒன்றும் வரவில்லை. "ஓ, இன்னும் ஆரம்பிக்கலையா? சரி, சரி. அவசரமில்லே. நான் காத்துண்டிருக்கேன்."

அவ்வளவு அன்பாகச் சொன்னான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த டிஸ்க்கின் மறுபாதிக்கு இரண்டாவது கோடு வந்தது. தமயந்தி பாய்ந்தாள். இந்த முறை அவள் யோசிக்கவில்லை. கேபிளைப் பற்றி இழுக்கப் போனவளின் கைமேல் கவினின் கை வந்து மெல்ல அமர்ந்தது. வலிக்காமல், ஆனால் அசைக்க முடியாமல்.

"நடுவுல பிடுங்கப்படாது" என்றான்.

கதவு தட்டப்பட்டது. அவன் அவள் கையைப் பிடித்தபடியே போய்க் கதவைத் திறந்தான். நனைந்த முழுக்கைச் சட்டைக்காரன் வாசலில் நின்று பால் பாக்கெட்டை நீட்டினான். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மாதிரி தலையசைத்துக்கொண்டார்கள். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலும் சாத்தப்பட்டது.

அவள் கையை விடாமலே அவன் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து அவளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தான். கவினின் ஹெட்போனை எடுத்து அவள் காதில் மாட்டி, காதோர முடியை ஒதுக்கிவிட்டான்.

முதல் கோட்டைப் போல இது மெதுவாகப் போகவில்லை. கவின் சொன்ன மாதிரியே அது பறந்தது. பத்து. இருபது. முப்பது.

அடுப்பை அணைக்க வேண்டும். அது ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது என்று தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டே போவாளே, அப்படி வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பால் பொங்கும். பொங்கினால் அடுப்பை அணைக்க வேண்டும். அடுப்பை அணைக்க வேண்டும். குடியாத்தத்தில் வீடு எந்தத் தெரு என்று மறந்துபோனது. பரவாயில்லை. அடுப்பை அணைக்க வேண்டும். அம்மாவின் பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. பரவாயில்லை. கொத்தமல்லிக் கட்டு என்ன விலை? யாரோ ஒருவர் எதையோ பிடுங்கிவிடு, பிடுங்கிவிடு என்று கெஞ்சினாரே, அவர் யார்?

அணைக்க வேண்டும்.

அடுக்களைப் பக்கமிருந்து பால் கருகுகிற வாசனை வந்தது. பிறகு வேறொரு வாசனை. ஹெட்போனில் மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் வெங்கி உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எதையோ அணைக்க வேண்டும் என்று மட்டும் நினைவிருந்தது. எதை என்பதுதான் நினைவில்லை.